பூங்கோதை என்னும் தலைமையகம்

பூங்கோதைதான் அந்தக் கம்பெனியின் தலைமையகம். வரி குறைவு என்று ஓசூரைத் தேர்ந்தெடுத்தவர்கள், கட்டடம் எதற்கு என்று அவளையே பதிவு செய்திருந்தார்கள்.

வளைகாப்பு முடிந்ததும், தலைப்பிரசவத்துக்காக அம்மா அவளைத் தங்கவயலுக்குக் கூட்டிப் போனாள். மாநில எல்லையில் கம்பெனி கார் தானாக நின்றது. கதவுகள் பூட்டிக்கொண்டன.

“தலைமையகம் எல்லை தாண்டக் கூடாது,” என்றது காரின் குரல்.

“பிள்ளத்தாச்சிய இப்படி அடைச்சு வைக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?” அம்மா கண்ணாடியை ஓங்கி அறைந்தாள்.

பூங்கோதை கதவுப் பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். புது வளையல்கள் ஓயாமல் குலுங்கின. “கொழந்த பொறந்ததும் என்னை விட்டுடுவீங்கல்ல?”

கார் ஓசூர்ப் பக்கம் திரும்பியது.

“வாழ்த்துகள், மேடம். கிளை அலுவலகத்தை நேற்றே பதிவு செய்துவிட்டோம்.”

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.