மகிளகம்

மாடி வீட்டுக்காரருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கீழ் வீட்டு வாசலில் புதிதாகத் தொங்கிய பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

‘மகிளகம்.’

மகிழகம் இல்லை, மகிளகம். ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் ளகரம் சட்டமாக உட்கார்ந்திருந்தது. எழுத்துகள் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஓரத்தில் ஒரு பறவை. பறவை என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். கரண்டிக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது.

இதெல்லாம் யார் வீட்டில்? ‘சிவப்பு மை’ வீட்டில்!

பத்திரிகையில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓர் ஒற்று விட்டுப்போனால்கூடக் கடைக்காரரைப் பெயர்ப்பலகையைக் கழற்ற வைத்துவிடுவார். சிவப்பு மை என்பது தெரு வைத்த பெயர். மாடி வீட்டுக்காரர் தன் மகளின் கல்யாண அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாழ்த்துவதற்குப் பதிலாகப் பேனா மூடியைத் திறந்த மனிதர். அதுவும் சம்பந்தியை வைத்துக்கொண்டு.

“ஊருக்குத்தான் உபதேசம்” என்று முணுமுணுத்தபடி மணியை அழுத்தினார் மாடி வீட்டுக்காரர்.

கதவைத் திறந்தது சிவப்பு மையின் மனைவி. பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போன அம்மாள். இடது கையில் பிரஷ். முழங்கை வரைக்கும் பச்சைப் பெயின்ட்.

“வாங்க சார். அவர் குளிக்கறார்.”

“பலகை நீங்க எழுதினதாம்மா?”

“ஆமா சார்!” அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இடது கையாலயே எழுதினேன். இப்ப அடுத்தது போட்டுக்கிட்டிருக்கேன், குதிரை. கால் குட்டையாப் போச்சு. அதனால படுக்க வச்சுட்டேன்.”

மாடி வீட்டுக்காரருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்த வேலை முடியவில்லையே.

“நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அந்த ‘ழ’... சார் பாக்கலையா? ஊர்ல இருக்கற பிழையெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, சொந்த வாசல்ல இருக்கறது...”

அம்மாள் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவாப் பேசுங்க சார். அது தப்புன்னு மாட்டின மறுநாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவருக்குத்தான் தெரியாது. அவருக்குக் கண்ணு தெரியலை சார்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“எல்லாமே மங்கலாத் தெரியுதாம். டாக்டர்கிட்ட வாங்கன்னா, வயசானா அப்படித்தாங்கறார். பேப்பர்கூட நான்தான் படிச்சுக் காட்டறேன். இப்பப் போய் அந்த எழுத்தைத் திருத்தினா, ஒரு பிழை தன் கண்ணுக்குத் தப்பிடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். ஆளே உடைஞ்சு போயிடுவார். தப்பு என்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் பச்சை ஒட்டிக்கொண்டது.

“கல்யாணமான புதுசுல ஒரு பூ வரைஞ்சு சுவத்துல மாட்டினேன். ‘ஒரு இதழ் மாதிரி ஒரு இதழ் இல்லையே’ன்னார். நெஜம்தான். அன்னிக்குக் கீழே வச்ச பிரஷ்ஷை இப்பத்தான் எடுத்திருக்கேன். அவர் பாக்க மாட்டார்ங்கற தைரியத்துல கை தானா ஓடுது. ஓடும்போது அவ்வளவு சந்தோஷமா இருக்கு சார். அவருக்குக் கண்ணு போனதுக்கு அழறதா, எனக்குக் கை வந்ததுக்குச் சிரிக்கறதா, நீங்களே சொல்லுங்க.”

பழி தீர்க்க வந்த தன் மேலேயே மாடி வீட்டுக்காரருக்கு வெறுப்பாக இருந்தது.

சிவப்பு மை குளித்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். “யாரது?”

“மாடி வீட்டு சார் வந்திருக்கார். சார், இவரைக் கொஞ்சம் பூங்கா வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா? கையை மட்டும் விட்டுடாதீங்க. அதுக்குள்ள நான் குதிரைக்கு வால் போட்டுடறேன்.”

கல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போனார் மாடி வீட்டுக்காரர்.

தெருமுனை திரும்பியதுதான் தாமதம். சிவப்பு மை கையை விடுவித்துக்கொண்டு விறுவிறுவென்று கடைக்குப் போய் ஒரு பேப்பர் வாங்கினார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தார். பட்டினி கிடந்தவன் சாப்பிடுகிற வேகத்தில் அவர் கண்கள் வரிவரியாக ஓடின.

“தலைப்புலயே ஒற்றுப்பிழை. யார் சார் இவனுக்கு வேலை குடுத்தது?”

மாடி வீட்டுக்காரர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார். “சார், உங்களுக்குக் கண்ணு...”

“ஊசியில நூல் கோப்பேன்.”

“அப்ப அந்த ளகரம்?”

“அவ மாட்டும்போதே பாத்துட்டேன்.”

மாடி வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்புறம் எதுக்கு சார் இந்த வேஷம்? அவங்க அங்கே உங்க கண்ணை நெனச்சு அழுதுக்கிட்டிருக்காங்க. நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே!”

சிவப்பு மை பேப்பரை மடித்தார்.

“சொன்னேன் சார். ‘கை விழுந்தவளாச்சேன்னு பரிதாபப்படறீங்களா’ன்னு கேட்டுட்டுப் பலகையைக் கழட்டப் போயிட்டா. இத்தனை வருஷத்துல என் வாயில அந்த வார்த்தை வந்ததே இல்லையே, எப்படி நம்புவா?”

“அப்புறம்?”

“கண்ணு தெரியலைன்னேன். உடனே நம்பிட்டா.”