சிரிப்புக்கு ஒரு ஸ்பான்சர்

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது.

சுவரிலிருந்த பெரிய டிவியில், டெக்சாஸுக்குப் புதிதாக வந்த ஓர் ஆப்பிரிக்கர் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரை மடக்கி நிறுத்தியிருந்தார். "ஹவ் ஆர் யூ?" என்று வெள்ளைக்காரர் போகிறபோக்கில் கேட்டுவிட்டார். அதற்குப் பதிலாகத் தன் முதுகுவலியில் ஆரம்பித்துத் தங்கை கல்யாணம் வரை வந்துவிட்டார் ஆப்பிரிக்கர். வெள்ளைக்காரர் மெல்ல மெல்லப் பின்வாங்கி, கராஜுக்குள் போய்க் கதவை இறக்கிக்கொண்டார்.

"நான் வந்த புதுசுல இதையேதான்மா பண்ணேன்!" என்றார் ஜம்புநாதன்.

விஷாகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் சாஃப்ட்வேர் வேலை போனபின் அவள் முழுதாக நம்பியிருந்தது இந்தக் காமெடித் தொடரைத்தான். எழுதி, அந்த ஆப்பிரிக்கராக நடிப்பவன் ஜோசுவா, இயக்குபவள் அவள். ஆப்பிரிக்கா முழுக்கத் தெரியும் ஒரு சேனல், ஜோசுவாவின் நாட்டுத் தூதரகம் ஸ்பான்சராக வந்தால் ஒளிபரப்புவதாகச் சொல்லியிருந்தது.

ஜோசுவாதான் தயங்கினான். மேடையில் அதிபரைப் போலப் பேசிக் காட்டியதற்காகச் சொந்த நாட்டில் ஜெயிலுக்குப் போய், தப்பி வந்து, அமெரிக்காவில் அடைக்கலம் வாங்கியவன் அவன். பழசையெல்லாம் மறந்தாயிற்று, கலைஞர்கள் திரும்பி வரலாம் என்று அந்த அரசாங்கமே அறிவித்ததைக் காட்டிக் காட்டி விஷாகா அவனைக் கரைத்தாள்.

அந்த நாட்டுக்கு டெக்சாஸில் கௌரவத் தூதர் ஒரு தமிழர் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாட்டில் சிமெண்ட் ஆலை நடத்தும் ஜம்புநாதனுக்குக் கிடைத்த பதவி அது. போன் செய்த மறுநாளே வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

டிவியில் இப்போது வீடியோ கால் காட்சி. "அமெரிக்கான்னு சொன்னே, ஒரு பொட்டுப் பனியைக் காணோமே! நீ பக்கத்து ஊர்லதானே ஒளிஞ்சிருக்கே?" என்று ஓர் ஆப்பிரிக்க அம்மாள் மகனை அதட்டினாள். ஜம்புநாதன் ரிமோட்டை எடுத்து, அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டார்.

"இந்த அம்மா பிரமாதம். ப்ரொஃபஷனலா?"

"இல்ல அங்கிள். ஜோசுவாவோட சொந்த அம்மா. ஊர்லேர்ந்தே நடிச்சாங்க. நான் இங்கேர்ந்து போன்லயே டைரக்ட் பண்ணேன்."

"அடேயப்பா! எந்த ஊரு?"

"ஏரிக்கரையில ஒரு சின்ன ஊர். அவங்க வீட்டு அட்ரஸ் சொந்தக்காரங்களுக்கே தெரியாதாம் அங்கிள். புது கேமரா அனுப்பறதுக்குள்ள நான் பட்ட பாடு!" விஷாகா சிரித்தாள்.

ஜம்புநாதனின் முகம் இளகியது. "பாவம், புள்ளையப் பிரிஞ்சு தனியா இருக்காங்க. அவங்களுக்கு ஒரு நல்ல டிவி வாங்கித் தரணும்மா. மகன் நடிச்சதை அவங்க பார்க்க வேணாமா? லொகேஷன் இருந்தா அனுப்பு, அங்க என் ஆளுங்க கொண்டுபோய்க் குடுத்துடுவாங்க. ஜோசுவாகிட்ட சொல்லாதே, சர்ப்ரைஸா இருக்கட்டும்."

அவருடைய மனைவி அபயாம்பாள் காபியோடு வந்து நின்றார். "ஆறிடும். குடிச்சுட்டுச் சீக்கிரம் கிளம்பும்மா," என்றார், கொஞ்சம் வேகமாகவே.

"என்ன அவசரம்? குழந்தை இருக்கட்டும்," என்றார் ஜம்புநாதன்.

விஷாகா, கேமரா அனுப்பியபோது வாங்கிய லொகேஷனைத் தேடி எடுத்து அவர் போனுக்கு அனுப்பினாள். அபயாம்பாள் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே ஸ்பான்சர்ஷிப் உறுதியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஆஸ்டினில் ஒரு ஹோட்டலில் அறிவிப்பு விழா. ஜோசுவா வாடகை கோட்டில் வந்திருந்தான். மேடைக்குப் போகுமுன் விஷாகாவின் கையைப் பிடித்து, "உன் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று," என்றான். அவள் கண் கலங்கியது.

ஜம்புநாதன் மைக்கில் ஆங்கிலத்தில் பேசினார். முதல் எபிசோட் வெளியீடு தலைநகரில், அதிபர் முன்னிலையில் நடக்கும். ஜோசுவாவுக்கு விமான டிக்கெட் தயார் என்றார். கைதட்டல் ஹாலை நிரப்பியது.

ஜோசுவாவின் சிரிப்பு உறைந்தது. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, ஜம்புநாதனின் காதருகே குனிந்தான். "மன்னியுங்கள் சார். அங்கே மட்டும் நான் வர மாட்டேன். ஸ்பான்சர்ஷிப் போனாலும் பரவாயில்லை."

மேடையோரம் நின்ற விஷாகா பதறிப்போய் அருகில் வந்தாள். "அங்கிள், ப்ளீஸ், அவன் பயப்படறான். ஃபங்ஷனை இங்கயே வெச்சுக்கலாமே?"

ஜம்புநாதன் கோபப்படவில்லை. ஜோசுவாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, போட்டோக்காரரைப் பார்த்து நன்றாகவே சிரித்தார். ஃப்ளாஷ் மின்னி அடங்கியது. பிறகு அவள் பக்கம் திரும்பி, ஜோசுவாவுக்குப் புரியாத தமிழில், அதே வாஞ்சையோடு சொன்னார்:

"அவங்க அம்மா இப்ப எங்க கஸ்டடியிலதான் இருக்காங்கன்னு நீயே அவன்கிட்ட பக்குவமா சொல்லிடும்மா."