நாக்குக்குக் கீழே

"ஆஞ்சியோகிராம் கிளியர் எண்டதும், நடிக்கிறீர் எண்டு உம்மை ஏசிப்போட்டன் பரிமளம்" என்று மனைவியிடம் குழைந்தார் கந்தவனம். "இண்டைக்கு வேற டொக்டரிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினனான். பெரிய குழாயள் சரியாம். அதில தெரியாத சின்ன ரத்தக் குழாயளாலயும் நெஞ்சு நோகுமாம். இனி நோ வந்தா இந்தக் குளிசையை நாக்குக்குக் கீழ வையும்."

பரிமளம் வாய் திறக்கவில்லை.

"அப்பா, வெளியில வாங்கோ. அம்மா சாப்பிடட்டும்" என்றாள் மகள் வாசுகி.

மாலை போட்ட படத்தின் முன், முப்பத்தோராம் நாள் படையலில், வடைக்குப் பக்கத்தில் குளிசையை வைத்துவிட்டு வந்தார். செத்தவர் தனியே வந்து உண்பதற்காக, அந்த வெள்ளவத்தை பிளாட்டின் அறைக்கதவைச் சாத்தினார்கள்.

திறந்தபோது இலையில் சோறும் கறியும் வைத்தபடியே இருந்தன. குளிசையை மட்டும் காணவில்லை.