விண்ணப்பத்தில் சித்தி

செங்கல் சூளையில் பெற்ற மகளை வைத்துக்கொண்டு பிழைக்க முடியவில்லை. தாயில்லாப் பிள்ளைகளைத்தான் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பார்கள் என்றதும், விண்ணப்பத்தில் என்னை மாரிக்கனியின் சித்தி என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் என்னைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கிய பிறகே கூட்டிப் போனேன். வார்டன் முன்னால் ஒருமுறைகூட அவள் வாய் தவறவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு வந்தவளிடம், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"ஏட்டி, இங்க யாருமில்ல. அம்மான்னு கூப்பிடு."

"வேண்டாம் சித்தி. அப்புறம் அங்க வாய்ல வந்துரும்."

சோறு வைத்தேன். தட்டின் முன் கண்ணை மூடி முணுமுணுத்தாள்.

"என்ன வேண்டுத?"

"செத்துப்போன அம்மாவுக்காக. சாப்பிடுமுன்ன தினமும் வேண்டணும்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீங்களும் கண்ண மூடுங்க சித்தி."

மூடிக்கொண்டேன்.