படி ஏறினால் வலிக்கிறது

ஜெராக்ஸ் கடைக்காரர் நெஞ்சைப் பிடித்தபடி அவசரப் பிரிவுக் கட்டிலில் சாய்ந்தார். இந்தத் தடவை தப்ப மாட்டோம் என்று முடிவே கட்டிவிட்டார்.

அவருடைய செருப்பு, கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மனைவி பக்கத்தில் நின்றாள். கீழ்த்தளத்து வீடு என்பதால் அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றுவது அவளுக்குப் பெரிய பாடாக இல்லை. இருந்த ஒரே நாற்காலியில் அவருடைய பை உட்கார்ந்திருந்தது.

அவருக்கு நோய் வருவது புதிதல்ல. மைத்துனருக்கு முதுகு பிடித்தால் சாயங்காலத்துக்குள் இவருக்கும் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஒரு பங்கு கூடுதலாக. எல்லாம் தொழில் புத்தி என்று மகள் கேலி செய்வாள். அதற்காக வலி பொய்யாகிவிடுமா? இன்று காலையிலிருந்து அவருக்கு உண்மையாகவே நெஞ்சை அடைத்தது.

எங்கே, எப்படி வலிக்கிறது என்று டாக்டரம்மா கேட்டதும் மளமளவென்று ஒப்பித்தார்.

"நடு நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குங்க. படி ஏறினா வருது, உட்கார்ந்தா விட்டுருது. தாடை இழுக்குது. குப்புனு வேர்த்துக் கொட்டுது."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. இதயத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு இருந்தால் இப்படித்தான் வலிக்கும், யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை என்றார். உடனே ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

கடைக்காரருக்குப் பாராட்டு இனித்தது, பயமும் கூடியது. இனிமேல் கடையை மகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனைவியிடம் தழுதழுத்தார். அவள் சுவரில் சாய்ந்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து அவருக்கும் கண் கலங்கியது.

முடிவுகள் வந்தன. ஒரு குறையும் இல்லை. ஈசிஜி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் குழப்பம் தீரவில்லை.

"எத்தனை மாடி ஏறினா வலி வருது?"

"நான் எங்கங்க மாடி ஏறறேன்? துணி காயப்போட இவதான் ஏறுவா. காலையில இறங்கி வந்து, இப்படியெல்லாம் பண்ணுதுங்கன்னு சொன்னா. அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வந்துருச்சு."

டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். மனைவி ஒரு கையால் தாடையைத் தடவிக்கொண்டு, மறு கையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவருடைய செருப்பு அவள் காலடியில் நழுவி விழுந்து கிடந்தது.

"ஐயா, நீங்க இறங்குங்க. அம்மா படுக்கட்டும்."