மொய்யில் சேர்ந்த ஒரு ரூபாய்

அந்த அலுவலக விதிப்படி, ஓய்வுக்காலச் சேமிப்பில் ஆண்டு வரம்புக்கு மேல் ஒரு ரூபாய் விழுந்தாலும் இன்னும் ஓராண்டு வேலை பார்க்க வேண்டும். பிரிவுபசார மொய்யும் நேராக அந்தக் கணக்கில்தான் ஏறும்.

"ஆளுக்கு நூறு மட்டும் போடுங்க, வரம்பு சரியா நிரம்பிடும்" என்று அன்று ஓய்வுபெறும் மேலாளர் அரங்கநாயகம் கெஞ்சியிருந்தார்.

கடைசியாக வந்த செண்பகவல்லி நூற்றொன்று போட்டாள். கணக்கைக் காட்டிய கணினித் திரை சிவந்தது. ஓய்வு ரத்து.

"என்னம்மா பண்ணிட்ட!"

"ஒத்த ரூபா சேர்க்காம மொய் வைக்கிற பழக்கம் எங்க வீட்டுல இல்ல சார்."

அவர் பதவியை ஏற்கெனவே அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது; நாளை முதல் அவள்தான் மேலாளர். அவர் அவளுக்குக் கீழே.

"பேத்தியப் பாக்க நாளைக்கு சிட்னி ஃபிளைட்டும்மா. லீவாவது குடு."

"மூணு நாள் முன்னாடியே எழுதிக் குடுத்தாத்தான் லீவு. எங்கம்மா செத்த அன்னிக்கு நீங்க சொன்னதுதானே சார்?"