மாப்பிள்ளையின் டயர்

"இது டயரா, இல்ல உன் மேல எழுதின குற்றப்பத்திரிகையா?" என்று கேட்டுவிட்டு, கழற்றிப் போட்ட டயரைக் காலால் ஓர் உதை விட்டார் டயர்க்கடைக்காரர். அது உருண்டுபோய், வண்டியருகே நின்ற இளைஞனின் காலடியில் விழுந்தது.

முப்பது வருடமாக, ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் டயரைப் பார்க்கிறவர் அவர். வாய் ஆயிரம் சொல்லும், டயர் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. இன்று வந்திருப்பவனோ வெறும் வாடிக்கையாளன் இல்லை. மகள் கட்டிக்கொள்ள நினைக்கிறவன்.

"அப்பா சரின்னு சொன்னாதான் கல்யாணம்" என்று வாக்குக் கொடுத்திருந்த மகள், இன்று அவனை அழைத்து வந்திருந்தாள். கடையின் பின்பக்கம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவள் மாடிப்படியில் ஏறியாகிவிட்டது. "வண்டிக்கு டயர் மாத்தணும்ப்பா. அப்படியே ரெண்டு பேரும் பேசிக்குங்க!" என்று கத்திவிட்டு அம்மாவைப் பார்க்க ஓடிவிட்டாள்.

ஆரம்பத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வண்டியை மேடையில் ஏற்றலாம் என்று உள்ளே உட்கார்ந்தார். முட்டி ஸ்டியரிங்கில் 'ணங்'கென்று இடித்தது.

'ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டுவான் போலிருக்கு' என்று முனகியபடி சீட்டைப் பின்னால் தள்ளினார். தள்ளிய இடத்தில் தின்றுபோட்ட பிஸ்கட் உறைகள், எப்போதோ காய்ந்துபோன ஆரஞ்சுத் தோல், ஏதோ பிசுபிசுப்பு. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

சக்கரத்தைக் கழற்றியதும் மிச்சமும் தெரிந்துவிட்டது. முன் டயர்களின் வெளி ஓரம் மொட்டை. நடுவில் ஓரிடத்தில், பிரேக்கை ஏறி மிதித்து ரோட்டில் தேய்த்த தழும்பு. பக்கவாட்டில் நடைபாதைக் கல்லில் உரசிய காயங்கள்.

அவசரப்பட்டுப் பழி போடுகிறவர் இல்லை அவர். அலைன்மென்ட் பார்த்தார், மயிரிழை பிசகில்லை. அப்படியானால் கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிற ஆளிடம். அந்தக் கடுப்பில்தான் டயருக்கு உதை விழுந்தது.

"வண்டி உன்னோடதுதானே?"

"ஆமா சார், என் வண்டிதான்."

"வளைவுல பிரேக்கே போடறதில்ல. போட்டா சாவுக்குப் பக்கத்துல வந்துதான் போடறது. இது மனுஷன் ஓட்டுற வண்டியா?" அவன் முகத்தைப் பார்த்துத் திட்ட அவர் நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அது வேறு எரிச்சலைக் கிளப்பியது.

இளைஞன் சுவரில் அடுக்கியிருந்ததிலேயே விலை உயர்ந்த ரகத்தைக் காட்டினான். "அந்த நாலும் போட்டுடுங்க சார்."

"அது பறக்கிறவங்க வாங்குற டயர். ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போற வண்டிக்கு எதுக்கு?"

"வளைவுல வழுக்காம பிடிக்கணும். ஈர ரோட்டுல பிரேக் போட்டா சட்டுன்னு நிக்கணும். அதுக்குத்தான் சார்."

"வேகத்தக் குறைச்சா எந்த டயரும் நிக்கும்!"

"வேகத்தக் குறைக்க முடியல சார்" என்றான் இளைஞன், தரையைப் பார்த்துக்கொண்டு. "டயராவது பிடிக்கட்டுமேன்னு பாத்தேன்."

செய்கிறதையும் செய்துவிட்டு, அதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். இவனோடா மகள் காலம் தள்ளப்போகிறாள்?

ஆனாலும் ஆள் பிடிக்கவில்லை என்பதற்காக வேலையில் குறை வைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. டயரின் பக்கவாட்டில் இருந்த அம்புக்குறி சக்கரம் உருளும் திசையைப் பார்க்கிறதா என்று நான்கிலும் குனிந்து சரிபார்த்தார். பேலன்ஸ் செய்தார், காற்றை அளந்து அடைத்தார். வண்டியை மேடையிலிருந்து இறக்கி, சாவியை இளைஞனின் கையில் வைக்காமல் வண்டிக் கூரையின் மேல் வைத்தார்.

"என் பொண்ணுக்கு நான்தான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தேன், தம்பி. டேஷ்போர்டுல டம்ளர் நிறைய தண்ணி வெச்சா ஒரு சொட்டு சிந்தாது. அப்படிப்பட்டவளப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு நீ இந்த லட்சணத்துல ஓட்டுவ, நான் வீட்டுல நிம்மதியா தூங்கணுமாக்கும்?"

"சார், அது வந்து..." இளைஞன் வாயைத் திறந்தான். மாடிப்படியைப் பார்த்தான்.

"என்ன வந்து போயி? டயர் போட்டாச்சு. பொண்ணு கிடையாது. கிளம்பு."

"சரிங்க சார்" என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்துப் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள் மகள். அம்மாவைப் போலவே குள்ளம். வண்டிக் கூரையில் இருந்த சாவியை எக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த ஆரஞ்சின் கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து பழகிய தோரணையில் ஸ்டியரிங்கின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அடுத்த கணம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்.

"என் சீட்ட யாருப்பா பின்னாடி தள்ளினது? பிரேக்கே எட்டல!"